கோடை விடுமுறையில் ஒரே ஒரு நாள்: வாகமண் சாகசப் பூங்காவா, வீரபாண்டித் திருவிழா ராட்டினமா?

பெரியாற்றுக்காரன் (வண்டிப்பெரியாறு) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் வண்டிப்பெரியாறு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இங்கே கேரளப் பள்ளியில் படிப்பதால் மார்ச் முடிவிலேயே அவர்களுக்கு விடுமுறை தொடங்கிவிடுகிறது. சின்னமனூரில் இருக்கும் என் மைத்துனியின் பிள்ளைகளுக்கோ ஏப்ரலில்தான் தேர்வு முடிகிறது. ஆகவே இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கக் கூடிய காலம் சித்திரை மாதத்தின் பிற்பகுதியும் வைகாசியின் முதல் வாரங்களும்தான். அதிலும் தோட்டத்தில் எனக்குக் கிடைக்கும் விடுப்பு ஒரு நாளுக்கு மேல் நீளாது.

பிள்ளைகளில் மூத்தவன் பத்தாம் வகுப்பு முடித்தவன். கடைக்குட்டிக்கு நான்கு வயது. மற்றவர்கள் இந்த இருவருக்கும் இடைப்பட்டவர்கள். கூடவே முழங்கால் வலி உள்ள எங்கள் அப்பத்தாவும் என் மாமியாரும் வருவார்கள். மூத்தவன் இடுக்கி மலையில் இருக்கும் வாகமண் சாகசப் பூங்காவையும் கண்ணாடிப் பாலத்தையும் விட்டு வேறு பேச்சே பேசுவதில்லை. சிறியவர்களுக்குத் தேனி அருகே வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவின் ராட்டினம்தான் வேண்டுமாம். அப்பத்தாவும் அம்மனைப் பார்க்க வேண்டும் என்று வருடம் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காலையில் வாகமண், மாலையில் வீரபாண்டி என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாமா என்பதே என் கேள்வி. ஒரு வேன் பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் குடும்பத்தோடு சென்று வந்தவர்கள் நேரம், பாதுகாப்பு, வயதானவர்களின் வசதி ஆகியவற்றைப் பற்றித் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

குமுளி டீச்சர் எழுதுகிறார்:

சகோதரருக்கு வணக்கம். ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது வரைபடத்தில் முடியும். நான்கு வயதுக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு முடியாது. உங்கள் ஊரிலிருந்து குட்டிக்கானம், ஏலப்பாறை வழியாக வாகமண் செல்ல ஒன்றரை மணி நேரத்தையாவது ஒதுக்க வேண்டும், அதுவும் வழியில் யாரும் வாந்தி எடுக்காமல் இருந்தால். அங்கிருந்து திரும்பி, குமுளி மலைப்பாதையில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எல்லாவற்றையும் தாண்டி வீரபாண்டி போய்ச் சேரும்போது பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்த்து அழுவார்களே தவிர ஏற மாட்டார்கள்.

நேரத்தைக் காட்டிலும் முக்கியமானது வானம். இடுக்கி மலைகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேகம் திரண்டு இடியோடு மழை கொட்டும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் விழும் வாய்ப்பு அதிகம் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமே ஒவ்வொரு கோடையிலும் எச்சரிக்கிறது. வாகமண் பூங்காவில் இருப்பவை எல்லாம் மொட்டைக் குன்றின் மேல் நிற்கும் இரும்புக் கம்பங்களும் எஃகு வடங்களும்தான். மழையோ பலத்த காற்றோ வந்தால் ஜிப்லைன், ஆகாயச் சைக்கிள், பெரிய ஊஞ்சல் அனைத்தையும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தவும் வேண்டும். ஆகவே சாகசப் பூங்கா என்றால் கதவு திறக்கும் நேரத்துக்கு அங்கே இருந்து, உச்சிப் பொழுதுக்குள் முடித்துக்கொள்வதே சரி. பத்து மணிக்கு மேல் கொச்சி, கோட்டயம் பக்கத்து வண்டிகள் வந்து குவிந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

கண்ணாடிப் பாலம் கோலாகலமேட்டில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் திறந்தார்கள். குன்றின் விளிம்பிலிருந்து 40 மீட்டர் நீளத்துக்கு மறுமுனையில் எந்தத் தாங்கலும் இல்லாமல் பள்ளத்தின் மேல் நீண்டிருக்கும் பாலம் அது. சிறு சிறு குழுக்களாகவே உள்ளே அனுப்புவார்கள். பாலத்தின் மேல் நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காக விடுமுறை நாளில் நீண்ட நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை உங்கள் மூத்தவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2024 மழைக்காலத்தில் பாதுகாப்பைக் கருதிப் பாலத்தைப் பல மாதங்கள் மூடியே வைத்திருந்தார்கள் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் விசாரித்துக்கொள்வது வழக்கமாக இருக்கட்டும்.

என் யோசனை இதுதான்: இரண்டு பயணங்களாகப் பிரியுங்கள். விடுப்பு ஒரு நாள்தான் என்கிறீர்கள். வீரபாண்டி மாலையில் தொடங்கி இரவில் முடியும் பயணம். அதற்கு முழு நாள் விடுப்புத் தேவையில்லை.

முல்லைக்கரை (உப்புக்கோட்டை) எழுதுகிறார்:

டீச்சர் சொல்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். நான் வீரபாண்டித் திருவிழாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டுத் திருவிழா போன்றது.

கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா, சித்திரை மாதத்தின் கடைசிச் செவ்வாயில் தொடங்கி அடுத்த செவ்வாய் வரை எட்டு நாள் நடக்கும். ஆங்கிலத் தேதியில் பெரும்பாலும் மே இரண்டாம் வாரத்தை ஒட்டி வரும். வெள்ளிக்கிழமை தேரோட்டம். அந்த எட்டு நாளும் இரவு, பகல் என்ற வித்தியாசமே இருக்காது. அக்கினிச்சட்டி எடுப்பவர்களும் ஆயிரங்கண் பானை சுமப்பவர்களும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கொட்டு மேளத்தோடு வந்துகொண்டே இருப்பார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் முதல் நாளையும் தேர் நாளையும் தவிர்த்துவிடுவது நல்லது. சனி, ஞாயிறும் நெரிசல்தான். நடுவில் ஒரு புதன் அல்லது கடைசித் திங்கள் கிடைத்தால் அப்பத்தா கொஞ்சமாவது நிம்மதியாக அம்மனைக் கும்பிட முடியும்.

கம்பம் பள்ளத்தாக்கின் மே மாத வெயிலை உங்கள் மலைநாட்டுப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். குமுளியில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் வண்டியில் ஏறிய குழந்தை மலையடிவாரத்து லோயர் கேம்ப் இறங்குவதற்குள் வியர்த்து நனைந்துவிடும். ஆகவே மதியம் சின்னமனூரில் உங்கள் மைத்துனி வீட்டில் சாப்பிட்டு, எல்லோரையும் ஒரு தூக்கம் தூங்க வைத்து, நான்கரை மணிக்கு மேல் கிளம்புங்கள். திருவிழா நாட்களில் தேனி சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்காரரைக் கோயிலுக்கு எவ்வளவு அருகில் இறக்கிவிட முடியும் என்று பாதுகாப்புக்கு நிற்கும் காவலரிடம் கேளுங்கள், பெரும்பாலும் உதவுவார்கள்.

முதலில் அம்மன், பிறகு ராட்டினம். இந்த வரிசையை மாற்றினால் பிள்ளைகளைக் கோயில் வரிசையில் நிறுத்துவது நடக்காத காரியம்.

ராட்டினத் திடல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. ராட்சத ராட்டினம், கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டிராகன் ரயில், மரணக் கிணறு, மேஜிக் காட்சி என்று கண்ணுக்கு எட்டிய வரை விளக்கு எரியும். ஏலத் தொகையைச் சில நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் ஏலம் எடுத்தவர்களுக்கு உண்டு. அதனால் கட்டணப் பலகையைப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். பெரியவர்களுக்குச் சொல்லும் கட்டணத்தையே மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் கேட்டால், பொறுமையாக ஒரு முறை பேசிப் பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன் ராட்டினத்தின் காலடியைப் பார்ப்பேன். திருவிழா ராட்டினங்கள் சில நாளுக்காகத் தரையில் நிறுத்தப்படுபவை. இரும்புக் கால்களுக்கு அடியில் சமம் செய்வதற்காகக் கனத்த மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருப்பார்கள். ராட்டினம் முழு வேகத்தில் சுற்றும்போது அந்தக் கட்டைகள் அசையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டை அரை விரல் அளவுக்கு எழும்பி உட்காருகிறது என்றால் நான் சீட்டு வாங்க மாட்டேன். அதேபோல் தொட்டிலின் குறுக்குக் கம்பியைப் பூட்டும் இடத்தில் உரிய பின் இருக்கிறதா, அல்லது வளைத்துச் சொருகிய கட்டுக்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் பார்த்தது முதல் நாளில், நீங்கள் ஏறுவது ஆறாம் நாள் இரவில். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஈர மண்ணில் கால் இறங்கியிருக்கும் என்பதால் இன்னும் கவனம் தேவை. பெண் பிள்ளைகளின் கூந்தலையும் துப்பட்டாவையும் கட்டி முடித்துவிட்டு ஏற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்குக் கையால் சுற்றும் குடை ராட்டினமே போதும், அதற்கு அது சொர்க்கம்.

பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தையின் பெயரைச் சொல்லாத நேரமே இருக்காது. முல்லையாற்றில் குளிக்க ஆசைப்பட்டால் மற்றவர்கள் குளிக்கும் படித்துறையோடு நின்றுவிடுங்கள். தடுப்பணைப் பக்கம் பள்ளம் எங்கே என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். முகத்தை மறைக்கும் அளவுக்கு டில்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, கரும்புச் சாறு எல்லாம் கிடைக்கும். ராட்டினத்துக்குப் பிறகு சாப்பிடுங்கள், முன்னால் வேண்டாம்.

வடக்கயிறு (பீர்மேடு) எழுதுகிறார்:

நான் சில காலம் இடுக்கி மாவட்டத்தில் ஒரு சாகசப் பூங்காவில் வடம் ஏற்றும் வேலையில் இருந்தவன். மேலே சொன்னவற்றோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஜிப்லைனில் தொங்குபவரின் உயிரைத் தாங்குவது அவருடைய இடுப்பையும் இரு தொடைகளையும் சுற்றிக் கட்டும் பட்டை, அதை வடத்தின் மேல் ஓடும் கப்பியோடு இணைக்கும் கொக்கி, இவை இரண்டும்தான். பட்டையைக் கட்டிய பிறகு தொடைக்கும் பட்டைக்கும் இடையில் உங்கள் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. மெலிந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பட்டையை இறுக்கி ஒப்பேற்றப் பார்ப்பார்கள். இடுப்பெலும்புக்கு மேலே நிற்காமல் வழுகி இறங்கும் பட்டையோடு பிள்ளையை அனுப்பாதீர்கள். கொக்கியின் வாயில் திருகிப் பூட்டும் ஒரு சிறு வளையம் இருக்கும். அது முழுவதும் திருகப்பட்டால்தான் கொக்கி திறக்காது. உங்கள் பிள்ளையைத் தள்ளிவிடும் முன் அந்த ஊழியர் அதைக் கையால் தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நல்ல ஊழியர் பேசிக்கொண்டே இருந்தாலும் விரல் தானாக அங்கே போகும். வடத்தோடு ஒரே ஓர் இணைப்பு மட்டும் இருந்தால் ஏன் இரண்டாவது இல்லை என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, பணம் கொடுப்பவர் நீங்கள்.

எடை வரம்பு என்றால் குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்தபட்ச எடையும் உண்டு. மிகவும் இலேசான பிள்ளை எதிர்க்காற்றில் வேகம் இழந்து வடத்தின் நடுவிலேயே நின்றுவிடும். ஊழியர் போய் இழுத்து வரலாம், ஆபத்து இல்லை; ஆனால் பள்ளத்தின் மேல் தனியாகத் தொங்கிய அந்த நேரத்தைப் பிள்ளை எளிதில் மறக்காது. உங்கள் இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளை வீட்டிலேயே எடை பார்த்துக்கொண்டு போனால், கவுன்ட்டரில் ஒருவனை அனுமதித்து ஒருத்தியைத் திருப்பி அனுப்பும் அழுகையைத் தவிர்க்கலாம்.

கிரேனில் உயரே தூக்கி வைத்து உணவு தரும் புதிய விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் மூணாறு அருகே ஆனச்சாலில் அப்படி ஒரு மேடை கிரேன் பழுதானதால் அந்தரத்தில் நின்றுவிட, சிறு குழந்தைகளோடு ஒரு குடும்பம் மணிக்கணக்கில் மேலே சிக்கிக்கொண்டது. தீயணைப்புத் துறையினர்தான் கயிறு கட்டி இறக்கினார்கள். இயந்திரம் நின்றுபோனால் ஆட்களை எப்படி இறக்குவீர்கள் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத இடத்தில் ஏறவே கூடாது என்பது என் கருத்து. அந்தப் பதிலில் 'அப்படி எல்லாம் நிற்காது சார்' என்பது சேராது.

பெரியாற்றுக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் வாகமண், திருவிழாவில் ஒரு புதன்கிழமை அரை நாள் விடுப்போடு வீரபாண்டி என்று பிரித்துவிட்டேன். வீட்டில் பேசியபோது புதிதாக ஒன்று கிளம்பியது. என் மாமியார், சித்ரா பௌர்ணமிக்குக் கண்ணகி கோயிலுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாமே என்கிறார். மேலும் வாகமண்ணில் பிள்ளைகள் பூங்காவுக்குள் இருக்கும்போது பெரியவர்கள் இருவரும் வெயிலில் என்ன செய்வார்கள் என்பதும் தெளிவாகவில்லை.

குமுளி டீச்சர்:

கண்ணகி கோயில் இருக்கும் மங்கலதேவி மலையை உல்லாசப் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்தக் கோயில் ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களுக்குத் திறக்கும். தேனி, இடுக்கி இரு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் காட்டுப்பாதையில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும்; கூடலூர்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறுபவர்கள் நடந்தே செல்வார்கள். ஜீப் வரிசை விடியற்காலையிலேயே நீண்டுவிடும், பிற்பகலுக்குப் பிறகு மேலே அனுப்ப மாட்டார்கள், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர்கூடக் கொண்டு போக முடியாது. உங்கள் மாமியார் நல்ல தெம்போடு இருந்தால் மூத்தவனைத் துணைக்கு அனுப்பி அவரை மட்டும் போகச் சொல்லுங்கள். அந்த மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தால் அவனும் கண்ணாடிப் பாலத்தை மறப்பான். முழங்கால் வலியோடு அப்பத்தா வேண்டாம், நான்கு வயதுக் குழந்தையும் வேண்டாம்.

வாகமண்ணில் பெரியவர்களுக்குப் பைன் மரக்காடுதான் ஏற்ற இடம். நிழல் உண்டு. ஆனால் உள்ளே இறங்கும் பாதை சறுக்கும். ஆகவே மேல் பகுதியிலேயே ஒரு போர்வையை விரித்து உட்கார வைத்துவிடுங்கள். மொட்டக்குன்று புல்வெளி பார்க்க அழகுதான், ஆனால் ஒரு மரம் கிடையாது, பத்து மணிக்கு மேல் சுடும். திரும்பும் வழியில் நேரமும் வானமும் இடம் கொடுத்தால் பருந்தும்பாறையில் சிறிது நின்று காற்று வாங்கலாம். மூடுபனி இறங்கியிருந்தால் அங்கே பிள்ளைகளை வண்டியை விட்டு இறக்காதீர்கள். பாறை விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது.

மஞ்சள் போர்டு (கம்பம்) எழுதுகிறார்:

இங்கே எல்லோரும் பெரிய இடங்களாகச் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இத்தனை சிறு பிள்ளைகளோடு வாகமண் பூங்காவுக்குக் கொடுக்கும் பணத்துக்குத் தேக்கடியில் காலைப் படகில் போய் யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கூடலூர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இறங்கிப் பந்தலுக்கு அடியில் நடக்கலாம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, தோட்டத்தை விரும்பிக் காட்டுபவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு யானையும் திராட்சையும் போதாது என்பதும் எனக்குத் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை.

வேனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். வண்டி எந்த மாநிலப் பதிவு என்று முதலில் பாருங்கள். வாகமண்ணுக்குக் கேரள வண்டியும் வீரபாண்டிக்கும் அதே வண்டியும் என்றால், தமிழ்நாட்டுக்குள் நுழைய பெர்மிட்டும் வரியும் கட்டப்பட்டிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு ஓட்டுநர் கைபேசியில் வரி கட்டத் தொடங்கினால், பிள்ளைகளோடு அரை மணி நேரம் சாலையோரத்தில் நிற்பவர் நீங்கள்தான். சொந்தக்காரரின் வெள்ளைப் போர்டு வண்டியை வாடகைக்குப் பேசுவதும் வேண்டாம். ஒன்று ஆகிவிட்டால் காப்பீடு கைகொடுக்காது.

ஏலப்பாறைப் பாதைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு இட்லி மட்டும் கொடுங்கள், பூரி வேண்டாம். வாந்தி வரும் பிள்ளையை முன் இருக்கைக்கு அருகே, சாலையைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள்.

திருவிழா இரவில் நீங்கள் பத்து மணிக்குக் கிளம்பினாலும் குமுளி மலைப்பாதை ஏறும்போது நள்ளிரவு ஆகிவிடும். சின்னமனூரில் நீங்கள் எல்லோரும் மதியம் தூங்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு பாயும் மின்விசிறியும் கொடுத்துத் தூங்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவரை வாசலில் வண்டிக்குள்ளேயே வேக விட்டுவிடுகிறார்கள். லோயர் கேம்பில் நிறுத்தி அவர் முகம் கழுவி ஒரு தேநீர் குடிக்கட்டும், அதன் பிறகு மலை ஏறுங்கள்.